150 மாட்யூல் கொண்ட ஜாவா திட்டம்: மேவனிலேயே இருப்பதா, கிரேடிலுக்கோ பேசலுக்கோ மாறுவதா?

கேள்வி: தறிநூல்

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் குழு பராமரிக்கும் ஜாவா திட்டத்தில் ஏறக்குறைய 150 மாட்யூல்கள் (தனித்தனியாகத் தொகுக்கப்படும் பகுதிகள்) இருக்கின்றன. அனைத்தும் ஒரே கிட் ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) இருக்கின்றன. நிரலைத் தொகுத்துச் சோதித்துப் பொதி செய்யும் பில்டு வேலையை மேவன் 3 என்ற கருவியால் செய்கிறோம். திட்டம் சிறியதாக இருந்த காலத்தில் ஒவ்வொரு மாட்யூலின் பாம்.எக்ஸ்எம்எல் என்ற மேவன் அமைப்புக் கோப்பிலும் அவரவர் தமக்குத் தேவையான நூலகத்தையும் அதன் பதிப்பு எண்ணையும் எழுதிக்கொண்டார்கள். அந்த வழக்கம் இன்றுவரை தொடர்வதால் ஜாக்சன், குவாவா போன்ற நூலகங்களுக்கு ஒரே ரெப்போவுக்குள் நான்கைந்து பதிப்புகள் புழங்குகின்றன.

எங்களை வருத்தும் சிக்கல்கள் இரண்டு. முதலாவது, மாற்றங்களைத் தானாகவே பில்டு செய்து சோதிக்கும் சிஐ சர்வரில் முழு பில்டு முடிய ஒரு மணி நேரத்தை நெருங்குகிறது. ஒரே ஒரு வரியைத் திருத்தியவரும் பழைய விளைவுகளை அழித்து எல்லாவற்றையும் மறுபடி பில்டு செய்யும் 'கிளீன் இன்ஸ்டால்' கட்டளையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். இரண்டாவது, தொகுப்பின்போதும் யூனிட் டெஸ்டின்போதும் எந்தப் பிழையும் காட்டாத நிரல், தயாரிப்புச் சூழலுக்குப் போன பிறகு 'நோசச்மெத்தட்எரர்' (அழைத்த மெத்தட் இல்லை என்ற பிழை) கொடுத்து நிற்கிறது. காரணத்தைத் தேடினால் எங்கோ ஆழத்தில் குவாவாவின் பழைய பதிப்பு ஒன்று நுழைந்திருக்கிறது.

கூகுள் பயன்படுத்துவதால் பேசல் என்ற பில்டு கருவிக்கு மாறலாம் என்று மேலாளர் சொல்கிறார். குழுவில் இருவர் கிரேடில் என்ற இன்னொரு கருவியை விரும்புகிறார்கள். மாற்றத்துக்கு நான் எதிரி அல்லன். ஆனால் கருவியை மாற்றினால் மேற்சொன்ன இரண்டில் எது உண்மையில் தீரும், எது தீராது என்று தெரிந்துகொள்ளாமல் பல மாத வேலைக்கு ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. பெரிய திட்டங்களில் இந்த மாற்றத்தைக் கையாண்டவர்கள் எதை வைத்து முடிவெடுத்தார்கள் என்பதை விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

மறுமொழி: கல்தச்சன்

வணக்கம். உங்கள் இரண்டு சிக்கல்களையும் சேர்த்துப் பேசுவதால்தான் கருவி மாற்றம் என்ற ஒரே மருந்து கண்ணில் படுகிறது. பில்டு நேரம் ஓரளவுக்குக் கருவியைப் பொறுத்தது. பதிப்பு மோதலோ கருவியை மாற்றினால் தீராது, வேறு இடத்தில் தலைகாட்டும்.

மோதலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சார்ந்திருக்கும் நூலகங்களும் அவை சார்ந்திருப்பவையும் சேர்ந்த சார்பு மரத்தில் ஒரு நூலகத்தின் பல பதிப்புகள் தென்பட்டால், உங்கள் மாட்யூலுக்கு மிக அருகில் இருக்கும் பதிப்பையே மேவன் எடுத்துக்கொள்கிறது. இரண்டு பதிப்புகள் ஒரே ஆழத்தில் இருந்தால், பாம்.எக்ஸ்எம்எல் கோப்பில் எந்தச் சார்பு முன்னால் எழுதப்பட்டிருக்கிறதோ அதன் வழியாக வருவது வெல்லும். எது புதியது, எது பழையது என்று அது பார்ப்பதே இல்லை. ஆகவே இரண்டு சார்புகளின் வரிசையை மாற்றி எழுதினாலே, வேறு எதையும் தொடாமல், இயங்கும் ஜார் கோப்பு (தொகுத்துப் பொதிந்த நூலகம்) மாறிவிடக்கூடும். (சார்புகளை அகர வரிசையில் அடுக்கிக் கோப்பை அழகுபடுத்தும் கருவிகளை நான் அஞ்சுவது இதனால்தான்.)

தொகுப்பின்போது ஏன் தெரியவில்லை என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் 'அ' என்ற நூலகத்தை அதன் ஆசிரியர் குவாவாவின் புதிய பதிப்பை வைத்துத் தொகுத்து ஜார் கோப்பாக வெளியிட்டுவிட்டார். உங்கள் கணினியில் ஜாவா தொகுப்பி உங்கள் நிரலை மட்டுமே சரிபார்க்கிறது. ஏற்கெனவே தொகுக்கப்பட்ட 'அ'வின் உட்புறத்தை அது திறந்து பார்ப்பதில்லை. 'அ' அழைக்கும் மெத்தட் பழைய குவாவாவில் இல்லை என்பது, அந்த வரி முதன்முதலாக இயங்கும் நொடியில்தான் நிரலை இயக்கும் ஜேவிஎம்முக்குத் தெரியவருகிறது. அந்த வரியை உங்கள் டெஸ்டுகள் தொடவில்லை என்றால் பில்டு பச்சையாகவே இருக்கும்.

இதற்கான தீர்வு மேவனுக்குள்ளேயே இருக்கிறது. தாய் பாம் கோப்பில் 'டிபெண்டன்சி மேனேஜ்மென்ட்' பகுதியை உருவாக்கி, எல்லாப் பதிப்பு எண்களையும் அங்கே கொண்டுவாருங்கள். பிள்ளை மாட்யூல்களில் பதிப்பு எண் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஜாக்சன், ஸ்பிரிங் பூட் போன்ற பெரிய நூலகக் குடும்பங்கள், தம் உறுப்புகளில் எந்தப் பதிப்பு எதனோடு ஒத்துப்போகும் என்ற பட்டியலை 'பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்' என்ற பெயரில் தாங்களே வெளியிடுகின்றன. அந்தப் பட்டியலை இம்போர்ட் செய்துகொண்டால், இருபது எண்களை நீங்கள் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. டிபெண்டன்சி மேனேஜ்மென்டில் எழுதிய எண், மரத்தின் ஆழத்தில் வரும் சார்புகளையும் கட்டுப்படுத்தும். மேலே மட்டுமல்ல, கீழேயும் இழுக்கும். குவாவாவுக்குப் பழைய எண்ணை எழுதிவைத்துவிட்டு மறந்தால், புதியதைக் கேட்கும் நூலகத்துக்கும் பழையதே கிடைக்கும். நீங்கள் தவிர்க்க நினைத்த அதே பிழை இப்போது ஒழுங்கான வடிவத்தில் திரும்பி வரும். எனவே என்ஃபோர்சர் பிளக்-இன்னில் உள்ள 'ரிக்வயர் அப்பர் பவுண்ட் டெப்ஸ்' விதியைக் கூடவே இயக்க வேண்டும். தேர்வான பதிப்பைவிட உயர்ந்த பதிப்பை மரத்தில் யாரேனும் கேட்டிருந்தால் அது பில்டை நிறுத்திவிடும். 'டிபெண்டன்சி கன்வர்ஜென்ஸ்' என்ற இன்னொரு விதியும் உண்டு. பதிப்பில் சிறு வேறுபாடு இருந்தாலும் அது ஒப்புக்கொள்ளாது. இன்றைய நிலையில் அதை இயக்கினால் நூற்றுக்கணக்கான பிழைகளைப் பார்த்துக் குழு முழுவதும் சோர்ந்துவிடும் என்பதால், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மோதலுக்கும் ஓர் 'எக்ஸ்குளூஷன்' (இந்தச் சார்பை விலக்கு என்ற குறிப்பு) எழுதி ஒட்டுப்போடும் வழக்கம் இருந்தால், அதை இன்றே நிறுத்துங்கள்.

இனி நேரம். கருவியைக் குறை சொல்வதற்கு முன் மாட்யூல் வரைபடத்தைப் பாருங்கள். பெரும்பாலான பழைய திட்டங்களில் 'காமன்' என்ற பெயரில் ஒரு மாட்யூல் இருக்கும். ஊர்ச் சாவடி போல, வருவோர் போவோர் எல்லாரும் தம் மூட்டையை அங்கே இறக்கிவைத்திருப்பார்கள். எல்லா மாட்யூல்களும் அதைச் சார்ந்திருப்பதால், அதில் ஓர் எழுத்து மாறினாலும் 150 மாட்யூல்களையும் மறுபடி பில்டு செய்வதைத் தவிர எந்தக் கருவிக்கும் வேறு வழியில்லாமல் போகலாம். அதை நான்கைந்தாகப் பிரிப்பது சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் பிறகு எந்தக் கருவிக்கு மாறினாலும் இந்த வேலை வீணாகாது. பிரிக்கும்போது டிபெண்டன்சி பிளக்-இன்னின் 'அனலைஸ்' கட்டளை துணைசெய்யும்: அறிவிக்காமல் பயன்படுத்தும் சார்புகளையும், அறிவித்துவிட்டுப் பயன்படுத்தாத சார்புகளையும் அது பட்டியலிடும். அது தொகுத்த நிரலான பைட்கோடை மட்டுமே பார்க்கிறது. ரிஃப்ளெக்ஷன் வழியாக (இயங்கும்போது பெயரைக் கொண்டு தேடி) ஏற்றப்படும் நூலகங்களைத் தேவையற்றவை என்றே சொல்லும் என்பதை நினைவில் வைத்து நீக்குங்கள்.

அன்றாட வேலைக்கு 'கிளீன்' என்ற சொல்லைக் கைவிட்டு, '-பிஎல்', '-ஏஎம்' தெரிவுகளால் தாம் தொட்ட மாட்யூலையும் அது சார்ந்தவற்றையும் மட்டும் பில்டு செய்யச் சொல்லுங்கள். சிஐயில் '-டி 1சி' கொடுத்தால், ஒன்றையொன்று சாராத மாட்யூல்கள் இணையாக ஓடும். மேவன் 3.9இல், முந்தைய பில்டின் விளைவைச் சேமித்து மறுபடி பயன்படுத்தும் பில்டு கேச் நீட்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். இவ்வளவும் செய்த பிறகும் நேரம் குறையவில்லை என்றால், அப்போது கருவி மாற்றத்தைப் பற்றிப் பேசுவோம்.

---

மறுமொழி: இரவுப்பணி

கல்தச்சன் ஐயா சொன்ன ஒழுங்குபடுத்தல் அனைத்தும் தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நேரத்தைப் பொறுத்தவரை மேவனுக்கு அவர் சற்று அதிகமாகவே சலுகை கொடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

மேவன் அறிந்தது வாழ்க்கைச் சுழற்சியின் கட்டங்களை: தொகு, சோதி, பொதி செய், நிறுவு. ஒவ்வொரு வேலைக்கும் உள்ளீடு எந்தக் கோப்புகள், வெளியீடு எந்தக் கோப்புகள் என்ற கணக்கு அதன் அடிப்படை வடிவமைப்பில் இல்லை; பில்டு கேச் நீட்சி அதைப் பின்னால் ஒட்டிவைத்த ஒன்று. கிரேடில் அந்தக் கணக்கையே மையமாக வைத்து எழுதப்பட்டது. உள்ளீடு மாறாத டெஸ்டை அது மறுபடி ஓட்டாது. சிஐ சர்வர் ஏற்கெனவே செய்த வேலையின் விளைவை உங்கள் மடிக்கணினி கேச்சிலிருந்து எடுத்துக்கொள்ளும். 2020இல் வெளியான 2.3 பதிப்புக்காக ஸ்பிரிங் பூட் திட்டமே மேவனிலிருந்து கிரேடிலுக்கு மாறியது. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எடுத்த முழு பில்டு, சராசரியாகப் பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டதாக அந்தக் குழு அப்போது எழுதியது. தேடல் நூலகமான அப்பாச்சி லூசீன் 2021இன் 9.0 பதிப்பிலிருந்து கிரேடிலால் பில்டு செய்யப்படுகிறது. ஆனால் அவர்கள் வந்தது ஆன்ட் என்ற பழைய கருவியிலிருந்து என்பதால், உங்களுக்கு ஸ்பிரிங் பூட்தான் நெருக்கமான எடுத்துக்காட்டு.

சார்புகளை 'ஏபிஐ' (வெளியே தெரிவது), 'இம்ப்ளிமென்டேஷன்' (உட்பயன்பாட்டுக்கு மட்டும்) என்று பிரித்து அறிவிக்கும் வசதியும் சிறிய விஷயம் அன்று. மேவன் 3இல் 'கம்பைல்' ஸ்கோப்பில் எழுதிய சார்பு, உங்கள் மாட்யூலைப் பயன்படுத்துவோரின் கிளாஸ்பாத்திலும் (ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியலிலும்) கசிந்துவிடும். அவர்களும் அதை அறிவிக்காமலே பயன்படுத்தத் தொடங்குவார்கள். பிறகு அதை உங்களால் நீக்கவே முடியாது. கிரேடிலில் 'இம்ப்ளிமென்டேஷன்' என்று எழுதியது தொகுப்பின்போது வெளியே தெரியாது. உட்புறம் மட்டும் மாறினால் மேலே உள்ள மாட்யூல்கள் மறுபடி தொகுக்கப்படுவதும் இல்லை.

இவ்வளவு சொன்ன நானே ஓர் இடத்தில் உங்களை எச்சரிக்க வேண்டும். கிரேடிலின் மோதல் விதி வேறு: அருகில் இருப்பதை அது பார்ப்பதில்லை, உயர்ந்த பதிப்பை எடுத்துக்கொள்ளும். ஆகவே அதே சார்புப் பட்டியலைக் கொண்டுபோய் அங்கே எழுதினாலும் வேறு ஜார் கோப்புகள் கிடைக்கும். லாக் (நிகழ்வுப் பதிவு) செய்திகளுக்கான பொது இடைமுகமான எஸ்எல்எஃப்4ஜே இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. மேவனில் அருகாமை விதியால் 1.7 வந்துகொண்டிருக்கும், கிரேடிலில், ஏதோ ஒரு நூலகம் 2.0 கேட்டிருப்பதால் அதுவே வெல்லும். செய்திகளை உண்மையில் எழுதும் பின்னணி நூலகத்தை 2.0, சர்வீஸ்லோடர் என்ற ஜாவா வசதி வழியாகத் தேடுகிறது. உங்களிடம் பின்னணி நூலகமாக லாக்பேக் 1.2 இருந்தால் அதை அது கண்டுகொள்ளாது. தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கை வரியை அச்சிட்டுவிட்டு, அதன்பின் எல்லா லாக் செய்திகளையும் விழுங்கிவிடும். பில்டும் டெஸ்டும் தேறிவிடும். தயாரிப்புச் சூழலில் லாக் மட்டும் வராது.

உயர்ந்தது வெல்லும் என்ற இந்த விதியை நூலக ஆசிரியர்களும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். குவாவா 27.0 வெளிவந்தபோது கூடவே வந்த லிசனபிள்ஃபியூச்சர் என்ற வெற்று ஜார் கோப்பின் பதிப்பு எண்ணைப் பாருங்கள்: '9999.0-எம்ப்டி-டு-அவாய்ட்-கான்ஃப்ளிக்ட்-வித்-குவாவா'. அதே கிளாஸ் இரண்டு ஜார்களில் இருப்பதைத் தடுக்க, எவராலும் வெல்ல முடியாத எண் ஒன்றை வைத்து லிசனபிள்ஃபியூச்சரின் 1.0 பதிப்பை ஓரங்கட்டும் ஏற்பாடு அது.

இன்னொரு நுட்பம்: பில் ஆஃப் மெட்டீரியல்ஸ் பட்டியலை கிரேடிலில் 'பிளாட்ஃபார்ம்' என்று சேர்த்தால், அது போட்டியில் பங்குபெறும் ஒரு பரிந்துரைதான், வேறு யாரேனும் உயர்ந்த எண்ணைக் கேட்டால் அதுவே வெல்லும். மேவனைப் போல இறுதிச் சொல்லாக வேண்டுமென்றால் 'என்ஃபோர்ஸ்ட் பிளாட்ஃபார்ம்' தேவை. ஆகவே மாறுவதானால், இறுதியில் இயங்கும் ஒவ்வொரு செயலிக்கும் மேவன் தரும் ஜார் பட்டியலையும் கிரேடில் தரும் பட்டியலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, வேறுபடும் ஒவ்வொரு வரிக்கும் காரணம் தெரிந்த பிறகே பழையதை அணைக்க வேண்டும்.

---

தறிநூல்

இருவருக்கும் நன்றி. மோதல் விதி கருவிக்குக் கருவி மாறுபடும் என்பது எங்கள் குழுவின் பேச்சில் இதுவரை வரவே இல்லை. பேசலைப் பற்றி யாரும் தொடவில்லையே? மேலாளரின் வாதத்துக்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும்: எங்களிடம் கோ மொழியில் எழுதிய சில சேவைகளும் பைத்தானில் சில கருவிகளும் இருக்கின்றன, இவை ஜாவா பகுதியோடு புரோட்டோபஃப் வரையறைகளை (பல மொழிகளுக்கும் பொதுவான தரவு வடிவ வரையறைகளை) பகிர்ந்துகொள்கின்றன.

---

மறுமொழி: மணற்பெட்டி

பேசலை நாள்தோறும் பயன்படுத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'கூகுள் பயன்படுத்துகிறது' என்பது அதைத் தேர்வதற்குக் காரணம் ஆகாது. கூகுளின் உள்கருவியான பிளேஸிலிருந்து பிறந்து 2015இல் பொதுவெளிக்கு வந்து 2019இல் 1.0 ஆனது பேசல். 2015 தொடக்கத்தில் கூகுளின் ஒரே ரெப்போவில் இருந்த நிரல் சுமார் 200 கோடி வரிகள். அங்கே வெளி நூலகங்களும் அந்த ரெப்போவுக்குள்ளேயே வைக்கப்படுகின்றன. ஒரு நூலகத்துக்குப் பொதுவாக ஒரே பதிப்புதான் இருக்கலாம் என்பது அவர்கள் விதி. பதிப்பு மோதலை அங்கே அடக்கிவைப்பது அந்த விதி. அதை நீங்கள் மேவனிலேயே கடைப்பிடிக்கலாம். கடைப்பிடிக்க மனமில்லாத குழுவுக்குப் பேசல் எதையும் தந்துவிடாது.

பேசல் உண்மையில் தருவது வேறு. ஒவ்வொரு செயலும் அறிவிக்கப்பட்ட கோப்புகளை மட்டுமே காணும்படி தனிப் பெட்டிக்குள் ஓடுகிறது. உள்ளீடுகளின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) ஒன்றாக இருந்தால் விளைவும் ஒன்றே என்று நம்பி, குழு முழுவதும் ஒரே தொலைக் கேச்சைப் பகிரலாம். ஜாவாவில், நேரடியாக அறிவிக்காத சார்பிலிருந்து ஒரு கிளாஸைப் பயன்படுத்தினால் அது பிழை என்றே நின்றுவிடும். புரோட்டோபஃப் வரையறை ஒன்று மாறினால், அதிலிருந்து உருவாகும் ஜாவா, கோ, பைத்தான் நிரல்களையும் அவற்றின் டெஸ்டுகளையும் ஒரே கட்டளை சரியாகத் தேர்ந்து ஓட்டும். உங்கள் திட்டத்தில் இந்தக் கடைசிப் பயன் மட்டுமே எனக்குக் கனமான காரணமாகத் தெரிகிறது.

விலையையும் கேளுங்கள். அடைவுக்கு அடைவு பில்டு கோப்புகளை எழுதிப் பராமரிக்க வேண்டும். ரெப்போவின் எந்த மூலையிலும் உள்ள கோப்பைத் தொடர்புப் பாதை வழியாகப் படித்துப் பழகிய டெஸ்டுகள் எல்லாம் முதல் நாளே உடையும். மேவன் பிளக்-இன் ஒன்றை இரண்டு வரியில் சேர்த்துப் பெற்ற வசதிக்கு இங்கே விதி எழுத வேண்டியிருக்கும். கருவியும் அசையாமல் நிற்பதில்லை: வெளிச் சார்புகளை அறிவித்துவந்த வொர்க்ஸ்பேஸ் கோப்பு 2024 இறுதியில் வெளியான பேசல் 8இல் இயல்பாகவே அணைக்கப்பட்டு, அதன் இடத்தை பிஜில்மாட் என்ற புதிய முறை பிடித்தது. வொர்க்ஸ்பேஸில் பல ஆண்டு உழைப்பைக் கொட்டியவர்கள் மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

மேலாளரிடம் காட்டுவதற்கு, கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸ் நல்ல சான்று. அதுவும் கூகுளில் பிறந்த திட்டம்தான். பேசலைச் சில ஆண்டுகள் வைத்திருந்து 2021இல் நீக்கிவிட்டது. அங்கே கோ மொழியின் 'கோ பில்டு' வழியும் 'மேக்' என்ற பழைய பில்டு கருவியின் கோப்புகளும் ஏற்கெனவே இருந்தன. பேசல் அவற்றின் இடத்தைப் பிடிக்காமல் கூடவே ஓடியது. இரண்டு பில்டு முறைகளையும் ஒத்திசைவில் வைத்திருக்கும் சுமை, கிடைத்த பயனைவிடப் பெரிதாகிவிட்டது. அதற்குள் கோ மொழியின் சொந்தக் கருவியே கேச்சையும் மாட்யூல்களையும் நன்றாகக் கையாளத் தொடங்கியிருந்தது. பாதி மாறி நிற்பதுதான் ஆகக் கூடுதல் செலவு பிடிக்கும் நிலை. பில்டைப் பார்த்துக்கொள்வதையே முழுநேர வேலையாகக் கொண்ட ஓரிருவரை நிறுவனம் நிரந்தரமாக ஒதுக்குமா என்று கேளுங்கள். இல்லை என்றால் பேசல் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். புரோட்டோபஃப் சிக்கலுக்கு, வரையறைகளைத் தனி மாட்யூலாக்கி, மூன்று மொழிகளுக்கும் உருவான நிரலைப் பதிப்பு எண்ணோடு வெளியிடும் எளிய வழி இருக்கிறது.

---

மறுமொழி: பூட்டுச்சாவி

பாதுகாப்புப் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற லாக் நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று ஒரே மாதத்துக்குள் அடுத்தடுத்துத் திருத்தங்கள் வந்தன. பதிப்பு எண்ணை ஓரிடத்தில் வைத்திருந்த குழுக்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு வரி மாற்றம். உங்களைப் போல மாட்யூல்தோறும் எழுதிவைத்தவர்கள் ஒவ்வொரு முறையும் ரெப்போ முழுவதையும் சல்லடை போட வேண்டியிருந்தது. மையப்படுத்துவதற்கு மேலாளரிடம் சொல்ல இதைவிட எளிய நியாயம் கிடைக்காது.

ஆனால் சார்பு மரம் காட்டாத ஒன்று உண்டு. சில நூலகங்கள் வேறொரு நூலகத்தின் கிளாஸ்களைத் தம் ஜார் கோப்புக்குள்ளேயே பொதிந்து வெளியிடுகின்றன. அவை எந்தக் கருவியின் மரத்திலும் தனி வரியாக வராது. ஜார் கோப்பின் உள்ளே பார்க்கும் ஸ்கேனர் தேவை.

நூலகங்களைப் பதிவிறக்கும் ரெப்போசிட்டரி விஷயத்தில், வெளியிலிருந்து வரும் எல்லாமே நெக்ஸஸ் அல்லது ஆர்ட்டிஃபேக்டரி போன்ற ஒரே உள்வாயில் வழியாக வரட்டும். 2021 பிப்ரவரியில் ஜேசென்டர் என்ற பொது ரெப்போசிட்டரி மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தபோது, பில்டு கோப்புகளில் அதன் முகவரியை நேரடியாக எழுதிவைத்தவர்கள்தான் பதறினார்கள். உங்கள் உள் நூலகத்தின் பெயரிலேயே பொது ரெப்போசிட்டரியில் ஒருவர் உயர்ந்த எண்ணோடு போலி ஒன்றை ஏற்றும் தாக்குதலும் அதே ஆண்டில் பரவலாகத் தெரியவந்தது. ஜாவா நூலகங்களின் பொது ரெப்போசிட்டரியான மேவன் சென்ட்ரலில் குரூப் பெயருக்கு (வெளியிடுவோரின் பெயருக்கு) உரிமையைச் சரிபார்ப்பதால் ஜாவாவில் அது எளிதன்று. உங்கள் பைத்தான் கருவிகளுக்கு அந்தக் காவல் இல்லை, அவற்றைத் தனியாகக் கவனியுங்கள்.

---

தறிநூல்

மிக்க நன்றி. முதலில் மேவனிலேயே பதிப்புகளை மையப்படுத்தி, காமன் மாட்யூலைப் பிரிப்பது என்று குழுவில் முன்வைக்கப் போகிறேன். ஓர் ஐயம் மட்டும்: கிரேடிலில் சார்புகளைப் பூட்டும் கோப்பு இருக்கிறது, கோ மொழியில் சார்புகளின் ஹாஷைக் குறித்துவைக்கும் 'கோ.சம்' இருக்கிறது. மேவனில் அப்படி எதுவும் இல்லாதபோது, இன்று கிடைத்த அதே ஜார்கள் ஆறு மாதம் கழித்தும் கிடைக்கும் என்று எப்படி உறுதிசெய்வது?

---

மறுமொழி: கல்தச்சன்

நீங்கள் அஞ்சும் அளவுக்கு நிலைமை மோசமில்லை. மேவனில் வழக்கமாக எழுதுவது துல்லியமான எண். மேவன் சென்ட்ரலில் ஒருமுறை வெளியானதை மாற்றவோ நீக்கவோ விடுவதில்லை. எனவே மரம் பெரும்பாலும் தானாகவே நிலையாக இருக்கும். அது அசைவது மூன்று இடங்களில்: ஸ்னாப்ஷாட் பதிப்புகள் (உருவாக்கத்தில் இருப்பதால் அதே எண்ணில் மாறக்கூடியவை), 'இதிலிருந்து இதுவரை' என்று எழுதிய பதிப்பு வரம்புகள், எண் குறிப்பிடாத பிளக்-இன்கள். முதலிரண்டையும் என்ஃபோர்சரின் 'பேன் டைனமிக் வெர்ஷன்ஸ்' விதியும் மூன்றாவதை 'ரிக்வயர் பிளக்-இன் வெர்ஷன்ஸ்' விதியும் தடுக்கும். உங்கள் மாட்யூல்களே ஒன்றையொன்று ஸ்னாப்ஷாட் எண்ணில் அழைத்துக்கொள்ளும் என்பதால், முதல் விதியில் உங்கள் சொந்த குரூப் பெயருக்கு விலக்கு எழுத மறக்காதீர்கள். இல்லாவிட்டால் முதல் பில்டே நின்றுவிடும்.